திண்ணை நாயும் அடுக்கக நாயும்: காவிரிப் படுகையின் ஒரு வளர்ப்பு வரலாறு

காவிரிப் படுகையின் உழவர்கள் கால்நடைகளைத் தேர்ந்தெடுப்பதில் காட்டிய நுட்பத்துக்கு உம்பளச்சேரி மாடு ஒன்றே போதிய சான்று. இன்றைய நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களின் கடலோர வட்டாரத்தில் உருவான இம்மாடு, சேறு நிறைந்த நஞ்சை வயலில் சளைக்காமல் உழுவதற்காகவே பல தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டது. கன்றாக இருக்கும்போதே கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கத்தால் அதற்கு மொட்டை மாடு என்ற பெயரும் உண்டு. மாட்டின் குளம்பு, நிறம், சுழி ஆகிய ஒவ்வொன்றையும் பார்த்து விலை பேசிய இதே மக்கள், தங்களுக்கென்று ஒரு நாய் இனத்தை வளர்த்தெடுக்கவில்லை. இனம் என்பது இங்கு வெறும் தோற்ற ஒற்றுமையைக் குறிப்பதில்லை. குறிப்பிட்ட பண்புகளுக்காகத் தலைமுறைதோறும் தேர்ந்து இணைசேர்க்கப்பட்டு, பிறக்கும் குட்டிகளிலும் அப்பண்புகள் மாறாமல் வரும் கூட்டத்தைக் குறிக்கிறது.

தமிழ்நாட்டின் பெயர்பெற்ற நாய் இனங்கள் யாவும் தென்மாவட்டங்களைச் சேர்ந்தவை. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தாம் தோன்றிய ஊர்களின் பெயரையே தாங்கி நிற்கின்றன; கன்னி நாய் திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் வட்டாரங்களுக்கும், கோம்பை தேனி மாவட்டத்துக்கும் உரியவை. இது தற்செயலாக நேர்ந்ததன்று. ஒல்லியான உடலும் நீண்ட காலும் கொண்டு முயலைப் பார்வையாலேயே துரத்திப் பிடிக்கும் நாய்க்குத் தடையற்ற மேட்டுநிலம் வேண்டும். கரிசல் காடும் செம்மண் பொட்டலும் தந்த அந்த வெளி, வரப்பாலும் வாய்க்காலாலும் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு ஆண்டின் பெரும்பகுதி நீர் நிற்கும் தஞ்சை வயல்களில் கிடையாது. வேட்டையைப் பெருமையாகக் கருதிய பாளையக்காரர்களின் சமூக அமைப்பு தெற்கில் நிலைத்திருந்ததும், கோயிலையும் பாசனத்தையும் மையமாகக் கொண்ட மிராசுதார் கிராமங்கள் படுகையில் நிலைத்திருந்ததும் இதற்கு மற்றொரு காரணமாகும். மிராசுதார் என்பவர் கிராம நிலத்திலும் அதன் விளைச்சலிலும் பரம்பரைப் பங்குரிமை உடையவர்; அவருடைய செல்வம் நெல்லாக இருந்தது, நெல்லைக் காக்கக் குரைக்கும் நாய் போதுமானதாக இருந்தது.

ஆகவே படுகையில் நாய் வளர்ப்பின் வரலாற்றை எழுதுவோர் இனங்களைத் தேடிச் சென்றால் வெறுங்கையோடு திரும்ப நேரும். வீட்டில் நாய்க்கு எந்த இடம் கொடுக்கப்பட்டது என்ற கேள்வியைப் பின்தொடர்ந்தால்தான் செய்தி கிடைக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் எந்த நாயை வளர்ப்பது என்று இன்றைய தஞ்சாவூர்க்காரர் எழுப்பும் கேள்விக்கும் அந்த வரலாறே உதவுகிறது.

படுகையில் நாயைப் பற்றிய பழைய இலக்கியச் சான்றுகளுள் குறிப்பிடத்தக்கது பட்டினப்பாலையில் உள்ளது. காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரின் துறைமுகத்தை வருணிக்கும் அந்நூல், சுங்க முத்திரை இடப்பட்ட பொதிகள் மலைபோல் குவிந்த பண்டகசாலையின் முற்றத்தில் கூரிய நகமுள்ள ஆண் நாய்களும் ஆட்டுக்கிடாய்களும் துள்ளித் திரிவதைக் காட்டுகிறது. வேட்டையைப் பற்றிய பேச்சே அங்கில்லை. சரக்குக் குவிந்த ஒரு நகரத்தின் முற்றமே நாயின் இடமாக இருக்கிறது. படுகைக்கு வெளியே, திருவண்ணாமலை மாவட்டத்தில், எடுத்தனூர் நடுகல் இதற்கு மாறான ஒரு காட்சியைத் தருகிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குரிய அக்கல், வீரன் கருந்தேவக்கத்தியோடு அவனுடைய நாய் கோவிவனையும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறது. அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்பது கல் சொல்லும் செய்தி. நாய்க்குப் பெயரும் கல்லும் கிடைத்தது ஆநிரை மேய்த்த முல்லை நிலத்தில்தான். வேட்டையை விரும்பிய அரசவைகள் நாயைப் பற்றி விரிவாகவே எழுதின. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் தொகுத்த மானசோல்லாசம் நாய் வேட்டைக்குத் தனிப்பகுதியே ஒதுக்குகிறது. தஞ்சை சரசுவதி மகால் நூலகமோ யானையையும் குதிரையையும் பற்றிய சாத்திர ஏடுகளால் பெயர்பெற்றது.

சோழநாட்டுக் கோயில்களில் நாய்க்குக் கிடைத்த இடமும் காவலைச் சார்ந்ததே. சிவன் கோயில்களின் வடகிழக்கு மூலையில் நிற்கும் பைரவர் நாயை ஊர்தியாக உடையவர். இரவில் நடை சாத்தியபின் கோயில் சாவியை அவர் முன் வைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. குத்தாலத்தை அடுத்த சேத்திரபாலபுரத்தில் காலபைரவருக்கென்றே கோயில் அமைந்திருக்கிறது. சேத்திரபாலர் என்ற சொல்லுக்கு நிலத்தைக் காப்பவர் என்பது பொருள். ஊர் எல்லையில் அய்யனாரின் பரிவாரத்தில் சுடுமண் நாய்கள் இடம்பெறுவதும் அதே கருத்தின் நாட்டார் வடிவமாகும். எல்லையிலும் வாயிலிலும் மதிக்கப்பட்ட அந்த விலங்கு, அதைத் தாண்டி உள்ளே வரத்தக்கதாகக் கருதப்படவில்லை.

தஞ்சைப் பகுதியின் பழைய வீடுகள் இந்த எல்லையை மரத்தாலும் சுவராலும் வரைந்து வைத்திருந்தன. தெருவை ஒட்டித் திண்ணை. அதைக் கடந்தால் ரேழி எனப்படும் குறுகிய நடை. அதன்பின் வானம் பார்த்த முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும். அடுத்துக் கூடம், பூசையறை, அடுக்களை. இறுதியில் கிணறும் மாட்டுக் கொட்டகையும் வைக்கோற்போரும் உள்ள கொல்லை. நீண்டு ஒடுங்கிய இவ்வமைப்பில் நாய்க்கு முன்னால் திண்ணையடியும் பின்னால் கொல்லையும் உரியவை. நடுவில் உள்ள பகுதி அதற்கு இல்லை. திருவையாறு, கும்பகோணம், மன்னார்குடி ஆகிய ஊர்களின் அக்கிரகாரங்களில் தீட்டு என்ற கருத்து இக்கட்டுப்பாட்டை மேலும் இறுக்கியது. எனினும் வைதிக இல்லறத்தானுக்கு விதிக்கப்பட்ட வைசுவதேவம் என்ற நாள்தோறும் செய்யும் கடமையில் காக்கைக்கும் நாய்க்கும் சோறு வைப்பதும் அடங்கும். நாய்க்கு உணவளிக்க வேண்டும், ஆனால் வீட்டுக்கு வெளியே அளிக்க வேண்டும் என்ற இந்த இரட்டை நிலைதான் படுகையின் பொது வழக்கமாகச் சாதி வேறுபாடின்றிப் பரவியிருந்தது. தெருவில் திரிந்த நாய் ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையை நிலையாக்கிக்கொள்ளும். அவ்வீட்டார் அதற்கு மணி என்றோ ராஜா என்றோ பெயரிட்டு மீந்த சோற்றை இடுவர். அது இரவில் தெரு முழுவதற்கும் குரைக்கும். யார் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டால், நாயே வீட்டைத் தேர்ந்தெடுத்தது என்று சொல்வதுதான் பொருத்தம்.

வயல்வெளியில் நாயின் வேலை இன்னும் தெளிவாக இருந்தது. சம்பா அறுவடை முடிந்து நெல் களத்தில் கிடக்கும் தை மாத இரவுகளில் காவலுக்குப் படுத்திருப்பவருடன் நாயும் இருந்தது. எலி வளைகளைத் தோண்டும்போது வெளியே பாயும் எலியைப் பிடிப்பதில் அது துணைசெய்தது. ஆனால் அந்த வேலையின் பெரும்பங்கை மூங்கிலால் செய்யப்படும் தஞ்சாவூர்க் கிட்டி என்ற வில்பொறியே ஏற்றிருந்தது. அறுவடைக்குப்பின் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து ஆட்டு மந்தைகளை ஓட்டிவரும் கீதாரிகள், அதாவது மந்தைத் தலைவர்கள், எருவுக்காக வயல்தோறும் கிடை போடுவர். கிடை போடுதல் என்பது இரவில் ஆடுகளை ஒரு வயலில் அடைத்து, அவற்றின் புழுக்கையும் சிறுநீரும் நிலத்தில் சேரும்படி செய்து, அதற்கு ஈடாக நெல்லோ பணமோ பெறும் முறை. சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’ நாவலால் வாசகர் அறிந்த இந்த நாடோடி வாழ்க்கையில் நரியை விரட்டும் நாய் இன்றியமையாதது. மேட்டுநிலத்தின் நாய்கள் ஆண்டுதோறும் படுகைக்குள் வந்துபோன வழிகளில் கிடையும் ஒன்று.

தஞ்சைக்கே உரிய இனம் என்று நாய் ஆர்வலர்கள் குறிப்பிடும் அலங்கு பற்றி இங்கு ஒரு சொல் கூற வேண்டும். தஞ்சாவூர், திருச்சி வட்டாரங்களுடன் இணைத்துப் பேசப்படும் இப்பெரிய காவல் நாயின் உருவம் பெரிய கோயிலில் இருப்பதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. கல்லில் உள்ள ஒரு நாயுருவத்தைக் கொண்டு ஆயிரம் ஆண்டு இனத்தொடர்ச்சியை நிறுவ முடியாது. இன்று அலங்கு என்ற பெயரில் விற்கப்படும் நாய்கள் வடமேற்கு இந்தியாவின் பெரிய காவல் நாய்களை ஒத்திருக்கின்றனவே அன்றித் தஞ்சை வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த நாயை ஒத்திருக்கவில்லை. பழம்பெருமையின் பெயரால் இத்தகைய பேருருவ நாயை இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டில் வளர்க்க முனைவது வரலாற்றுக்கும் நாய்க்கும் ஒருசேர இழைக்கும் தீங்காகும்.

நாயை இனமாகப் பார்க்கும் பார்வையே தஞ்சைக்கு வெளியிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் 1859இல் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கப்பட்டது. வம்சாவளிப் பதிவேடு, ஒவ்வோர் இனத்துக்கும் எழுதப்பட்ட உருவ இலக்கணம், கலப்பின்மையே உயர்வு என்ற எண்ணம் ஆகியவை இந்த விக்டோரியா காலத்து ஏற்பாடுகளின் விளைவு. நாய் செய்யும் வேலைக்குப் பதிலாக அதன் தோற்றம் மதிப்பைப் பெறத் தொடங்கிய காலம் அது. பீகிங் கோடைக்கால அரண்மனை 1860இல் சூறையாடப்பட்டபோது கைப்பற்றப்பட்ட ஒரு சிறு நாய் விக்டோரியா அரசிக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அதற்கு இடப்பட்ட பெயர் லூட்டி, அதாவது கொள்ளைப் பொருள். மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காகச் சீன அரண்மனைகளில் வளர்க்கப்பட்ட குட்டை நாய்கள் ஐரோப்பிய நகர வீடுகளுக்குள் புகுந்த வரலாறு, இத்தனை வெளிப்படையான பெயர்களோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. தமிழகத்தில் இந்த நாகரிகம் ஆங்கில அதிகாரிகளின் சுற்றுச்சுவர் கொண்ட பங்களாக்களில் வேரூன்றியது. அவர்களைப் பார்த்துப் பழகிய வக்கீல்களும் பண்ணையார்களும் சீமை நாய் வைத்திருப்பதைத் தகுதியின் அடையாளமாக்கிக்கொண்டனர்.

பொதுமக்கள் நாயை அணுகிய விதத்தைத் தீர்மானித்ததில் நாகரிகத்தைவிட நோய்க்குப் பங்கு அதிகம். வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்யும் பாஸ்டர் நிலையம் குன்னூரில் 1907இல் தொடங்கப்பட்டது. ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரிக்கப்பட்ட தடுப்பூசியைத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு முறை போட்டுக்கொள்ள வேண்டும் என்ற அச்சம் தஞ்சைச் சிறுவர்களின் பல தலைமுறைகளை நாயிடமிருந்து தள்ளி நிறுத்தியது. அவ்வகைத் தடுப்பூசி இந்தியாவில் 2004ஆம் ஆண்டு வரை பயன்பாட்டில் இருந்தது. நகராட்சிகள் நாய்பிடி வண்டியை அனுப்பித் தெருநாய்களைக் கொன்றுவந்த முறை, 2001ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப்பின் கருத்தடை செய்து அதே இடத்தில் விடும் முறையாக மாறியது. இனநாய், ஜாதி நாய் என்று மக்கள் சொல்வதில் மறைந்திருக்கும் பொருளும் இந்த அச்சத்திலிருந்து பிறந்ததே: விலை கொடுத்து வாங்கிய நாய்க்கு நோய் இராது, தெருவில் திரிவதற்கு உண்டு என்ற நம்பிக்கை. தடுப்பூசி போட்ட நாய், போடாத நாய் என்ற பிரிவைத் தவிர வேறெந்தப் பிரிவையும் வெறிநோய் அறியாது.

தஞ்சாவூர் நகரத்தின் குடியிருப்பு முறை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மாறியபோது நாயின் இரண்டு இடங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. நான்கு ராஜ வீதிகளின் பெரிய வீடுகள் பங்கு பிரிக்கப்பட்டு ஒட்டுக்குடித்தனங்களாயின. ஒட்டுக்குடித்தனம் என்பது ஒரே வீட்டின் பகுதிகளில் பல குடும்பங்கள் வாடகைக்கு இருப்பது. ஒரே சுற்றுச்சுவருக்குள் வரிசையாகக் கட்டப்பட்ட காம்பவுண்டு வீடுகளில் முற்றமும் குழாயும் பொதுவாக இருந்ததால், நாய் வளர்க்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் சொல்லும் முதல் நிபந்தனைகளில் ஒன்றாயிற்று. மருத்துவக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் வந்து நகரம் தெற்கிலும் மேற்கிலும் விரிந்தது. வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளும், அவற்றுக்குப்பின் மருத்துவக் கல்லூரிச் சாலை, நாஞ்சிக்கோட்டைச் சாலைப் பக்கங்களில் தனியார் அடுக்ககங்களும் எழுந்தன. 1866இல் நகராட்சியான தஞ்சாவூர் 2014இல் மாநகராட்சியாயிற்று. அடுக்ககத்தில் திண்ணையும் கிடையாது, கொல்லையும் கிடையாது. பழைய வீட்டில் நாய்க்கு மறுக்கப்பட்டிருந்த கூடமும் அடுக்களையும் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. நாயை வளர்ப்பதென்றால் அதைக் கூடத்தில்தான் வளர்க்க வேண்டும் என்ற நிலை படுகையின் வரலாற்றில் அப்போதுதான் ஏற்பட்டது. எந்த நாய் என்ற கேள்வி உண்மையான பொருளோடு எழுந்ததும் அப்போதுதான்.

அதற்குக் கிடைத்த முதல் விடை பொமரேனியன். தஞ்சைக் கிராமங்களில் சடை நாய் என்று சொல்லப்பட்ட அந்த வெள்ளை நாய், சரியாகச் சொன்னால், ஐரோப்பியர் கொண்டுவந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் வகையிலிருந்து இந்தியாவில் பெருகிய இந்தியன் ஸ்பிட்ஸ் ஆகும். கடந்த நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் நடுத்தர வர்க்கத்தின் நாய் என்றால் அதுவே. உருவம் சிறியது, சோறும் பாலும் கொடுத்தாலே வளரும், வெயிலையும் ஓரளவு தாங்கும் என்பவை அதன் நன்மைகள். அழைப்புமணி, பக்கத்து வீட்டுக் காலடி, மாடிப்படியில் விழும் பாத்திரம் ஆகிய எல்லாவற்றுக்கும் குரைக்கும் என்பது அதன் குறை. தனி வீட்டில் காவலாக இருந்த அதே பண்பு, ஒரு சுவரை இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் தொல்லையாக மாறியது.

இரண்டாவது விடை விளம்பரத்திலிருந்து வந்தது. ஹட்ச் கைப்பேசி நிறுவனம் 2003இல் வெளியிட்ட விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே நடந்துசென்ற பக் நாய் இந்தியா முழுவதும் பெயர்பெற்றது. தமிழ்நாட்டில் அவ்வினத்தின் உண்மைப் பெயரைவிட ஹட்ச் நாய், பின்னர் வோடஃபோன் நாய் என்ற பெயர்களே நிலைத்தன. அடுக்ககத்துக்கு ஏற்றது என்று விற்பனையாளர் கூறியதில் பாதி உண்மை இருந்தது: பக் குறைவாகவே குரைக்கும், அதிக ஓட்டம் வேண்டாதது, குழந்தைகளோடு இணங்கும். சொல்லப்படாத மறுபாதி தஞ்சாவூரின் தட்பவெப்பத்தைப் பற்றியது. நாய்க்கு மனிதரைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. அது வாயைத் திறந்து இளைத்து, நாவிலும் மூக்குக்குழியிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கியே உடற்சூட்டைத் தணிக்கிறது. மூக்கு நசுங்கியிருக்கும்படி தேர்ந்து வளர்க்கப்பட்ட பக், ஷி ட்ஸூ போன்ற இனங்களில் காற்று செல்லும் வழியும் ஈரம் ஆவியாகும் பரப்பும் குறைவு. மென்னண்ணம் எனப்படும் அண்ணத்தின் பின்பகுதி நீண்டு மூச்சுக்குழலை அடைப்பதும் உண்டு. படுகையின் சித்திரை, வைகாசி வெயிலில் காற்றிலும் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் ஆவியாதல் மேலும் தடைப்படுகிறது. 2012ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ்நாட்டில் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்த காலத்தில், கான்கிரீட் கூரையின் அடியில், மேல்மாடி வீட்டில், மின்விசிறியும் ஓடாத பிற்பகலில் இத்தகைய நாயை வைத்திருந்தவர்களுக்கு இந்த உடற்கூற்றை யாரும் விளக்கவேண்டியிருந்திராது.

பிற இனங்களையும் இவ்வாறே அவற்றின் பழைய தொழிலைக் கொண்டு எடைபோடுவது பயன் தரும். ஏனெனில் தொழில் போனாலும் உடலும் குணமும் அத்தொழிலை விடுவதில்லை. டாக்ஸ்ஹண்ட் ஜெர்மனியில் வளைக்கரடியை வளைக்குள் புகுந்து பிடிக்க உருவானது. நீண்ட முதுகும் குட்டைக் காலும் அதற்காகவே அமைந்தன, மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடிக்கு நாள்தோறும் ஏறி இறங்கினால் முதுகுத் தட்டு நழுவும் வாய்ப்பும் அதனாலேயே மிகுதி. பீகிள் கூட்டமாக முயலை மோப்பம் பிடித்து, பின்னால் வரும் வேட்டைக்காரருக்குக் கேட்கும்படி ஊளையிட்டு ஓடிய நாய். அது தனியே அடைபட்டால் ஊளையிடுவதில் வியப்பில்லை. லாப்ரடார் நியூபவுண்ட்லாந்து மீனவர்களின் குளிர்கடலில் வலை இழுத்த நாயின் வழித்தோன்றல்; அடர்ந்த இரட்டை மயிரும் முப்பது கிலோ எடையும் தீராப் பசியும் கொண்ட அது, குணத்தால் அடுக்ககத்துக்கு மிகவும் ஏற்றதாகவும் உடலால் ஏற்றதல்லாததாகவும் இருக்கிறது. வழவழப்பான டைல்ஸ் தரையில் சறுக்கிச் சறுக்கி வளரும் பெரிய நாய்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு கூடுகிறது. நாய் உண்ணியோ சுவர் வெடிப்பிலும் கதவுச் சட்டத்தின் இடுக்கிலும் முட்டையிட்டுப் பெருகக் கூடியது. மூடிய அடுக்கக வீடு அதற்கு மிகவும் உகந்த வாழிடம்.

இந்நிலையில் நாட்டு இனங்களின் பக்கம் கவனம் திரும்பியது இயல்பே. அஞ்சல் துறை 2005இல் வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளுள் ராஜபாளையமும் இடம்பெற்றது; தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 2017இல் வெளிவந்தது; 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சொல்லி, நாய் வளர்க்க எண்ணுவோர் இந்திய இனங்களை வளர்க்கும்படி கேட்டுக்கொண்டார். இவ்வினங்களைக் காப்பது தேவையான பணி. ஆயினும் காப்பது ஒன்று, அவற்றை எந்த வீட்டில் வைப்பது என்பது வேறு. ராஜபாளையம் ஓரிருவரிடம் மட்டும் பற்று வைத்து அந்நியரை நெருங்கவிடாத காவல் நாய். மாடிப்படியில் நாளெல்லாம் அந்நியர் ஏறி இறங்கும் கட்டடத்தில் அதன் வாழ்க்கை ஓயாத பதற்றமாகவே அமையும். சிப்பிப்பாறையும் கன்னியும் வீட்டினுள் அமைதியானவை, மயிர் உதிர்வதும் குறைவு, வெயிலும் அவற்றுக்குப் பழகியது. ஆனால் நாள்தோறும் முழுவேகத்தில் ஓட வேலியிட்ட திடல் இல்லாவிட்டால் அவற்றை அவிழ்த்துவிட முடியாது. ஓடும் பூனையையோ ஆட்டுக்குட்டியையோ கண்டபின் எந்த அழைப்பும் அவற்றின் காதில் விழாது. கூரிய குணமுள்ள கோம்பையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அடுக்கக நாய் என்ற சிக்கலை நீண்டகாலமாகச் சந்தித்துவரும் தமிழர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். தஞ்சை, மன்னார்குடி, நாகூர்ப் பக்கங்களில் அங்கு உறவினர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. 1960இல் அமைக்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்கு வீடுகளில்தான் அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் வாழ்கிறார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு நாய், அதுவும் கழகம் ஒப்புதல் அளித்த சிறிய இனங்களின் பட்டியலில் உள்ள நாய் என்பது அங்குள்ள விதி. பட்டியலில் பக்கும் உண்டு, ஷி ட்ஸூவும் உண்டு, ஓயாமல் குரைக்கும் பொமரேனியனும் உண்டு; உருவம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டதன் விளைவு இது. சிங்கப்பூர் ஸ்பெஷல் என்று அன்போடு அழைக்கப்படும் தெருநாய்க் கலப்பினங்களுக்கு அடுக்கு வீட்டின் கதவு திறந்தது 2012இல்தான். அடோர் என்ற அத்திட்டத்தில், விலங்குநல அமைப்புகளிடமிருந்து தத்தெடுக்கப்பட்டு, கருத்தடை செய்யப்பட்டு, கீழ்ப்படிதல் பயிற்சி பெற்ற நாயை வளர்க்கலாம் என்று அனுமதிக்கப்பட்டது. 2020இல் எடை வரம்பு நீக்கப்பட்டு உயர வரம்பு 55 சென்டிமீட்டராக்கப்பட்டது. இனப்பெயரை விட்டுப் பயிற்சிக்கும் குணத்துக்கும் ஓர் அரசு முதன்மை கொடுத்த அரிய எடுத்துக்காட்டு இது. மறுபுறம், ஐஸ்லாந்தின் தலைநகர் ரேக்யவிக் 1924 முதல் அறுபது ஆண்டுகள் நகருக்குள் நாயே கூடாது என்று தடைவிதித்திருந்தது.

இந்தியச் சட்டம் வேறு வழியில் நடந்தது. ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் உருப்பெற்ற 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி சென்னையில் 1962இல் நிறுவப்பட்ட விலங்குநல வாரியம், 2015இல் குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. நாய் வளர்ப்பதைச் சங்க விதியால் தடைசெய்ய முடியாது. உருவத்தைக் காரணம் காட்டியோ குரைப்பதைக் காரணம் காட்டியோ ஒரு நாயை வெளியேற்ற முடியாது. மின்தூக்கியில் ஏற்ற மறுக்கக் கூடாது என்பவை அதன் முக்கியக் கூறுகள். சிங்கப்பூர் நாயை அளந்து உள்ளே விட்டது. இந்தியா எந்த நாயையும் உள்ளே விட்டுப் பொறுப்பை வளர்ப்பவரிடம் ஒப்படைத்தது. அந்தப் பொறுப்பு எவ்வளவு மலிவானது என்பதையும் சொல்ல வேண்டும்: வளர்த்த விலங்கைத் தெருவில் கைவிடுவது 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம், முதல் முறை குற்றம் புரிந்தவருக்கு அச்சட்டம் விதித்த தண்டத்தின் உச்ச அளவு ஐம்பது ரூபாய். விளம்பரத்தைப் பார்த்து வாங்கப்பட்ட பல நாய்கள் கடைசியில் தெருவுக்கு வந்துசேர்ந்ததில் இந்த ஐம்பது ரூபாய்க்கும் பங்குண்டு.

தஞ்சை மாவட்டத்தில் 2012 முதல் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கிவருகிறது; தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி தம் காதலி முத்தம்மாள் நினைவாக 1802இல் கட்டிய சத்திரத்தால் பெயர்பெற்ற ஊர் அது. மாட்டுக்காக மருத்துவரைத் தேடிய படுகை இப்போது நாய்க்காகவும் தேடுகிறது என்பதே ஒரு தலைமுறையில் ஏற்பட்ட பெரிய மாற்றம். ஆனால் குட்டியை வாங்கிய பின்னரே மருத்துவரிடம் செல்வது என்ற வழக்கம் இன்னும் மாறவில்லை. வாங்குவதற்கு முன்னரே வீட்டின் மாடி, தரை, காற்றோட்டம், பகலில் வீட்டில் இருப்போர், காலையும் மாலையும் நடத்திச் செல்லக்கூடியவர் யார் என்பவற்றைச் சொல்லி அறிவுரை பெறுவதே முறை.

திண்ணையடியில் படுத்திருந்த நாட்டு நாயின் வழித்தோன்றல்கள் அடுக்ககங்களின் வாகன நிறுத்தத்தில் இன்றும் படுத்திருக்கின்றன. குட்டை மயிர், நடுத்தர உருவம், நீண்ட மூக்கு, வெயிலும் மழையும் பழகிய உடல், எஞ்சிய சோற்றில் வாழத் தெரிந்த வயிறு ஆகிய எல்லாம் இந்த நிலத்திலேயே அமைந்தவை. அதற்கும் நடை வேண்டும், அந்நியரைக் கண்டால் அதுவும் குரைக்கும், இளம் வயதில் பழக்காவிட்டால் கூடத்தில் அடங்கியிராது. எனினும் தஞ்சாவூர் அடுக்ககத்தில் நாய் வளர்க்க எண்ணுவோர் முதலில் கருதத்தக்கது இந்த நாட்டு நாயையே. குட்டியைவிட, குணம் முழுவதும் தெரிந்துவிட்ட இரண்டு வயது நாயை, கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடித்து வீட்டுக்குள் அழைத்துக்கொள்வது எளிது. அதற்கும் மனமோ சூழலோ இடந்தராதவர்கள், 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் குடியிருப்போர் சங்கங்களின் கடமையாக்கியிருக்கும்படி, வளாகத்து நாய்களுக்கு உணவிட ஓர் இடத்தையும் நேரத்தையும் தங்கள் சங்கம் ஒதுக்கியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.